ஃபைபர் வள்ளத்தில் மேட் கணக்கு மட்டும் போதாது. நடுவிலுள்ள ஃபோமையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சல் தொடங்கி நீரோடி வரைக்கும், ஜூன், ஜூலை மாதங்களில் ஃபைபர் பட்டறைகளுக்கு ஓய்வு கிடையாது. கடல் சீறிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் வள்ளங்களின் மேல்தட்டு, ஐஸ் பெட்டி, மூடிப் பலகை எல்லாம் புதிதாக அடிக்கப்படும். பழையவற்றுக்கு ஒட்டுப் போடப்படும். அப்போது வள்ளக்காரர் கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை மேட் போடுவீங்க?” மேட் என்பது கண்ணாடி இழை விரிப்பு; அதில் ரெசின் என்ற பிசினை ஊறவைத்து இறுக விட்டால் அதுவே ஃபைபர். பட்டறைக்காரர் விலை சொல்வதும் அந்தக் கணக்கில்தான். நடுவில் வைக்கும் ஃபோம் எது, அதன் அடர்த்தி என்ன, அது ஃபைபரோடு எப்படி ஒட்டப்படுகிறது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. பலகை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். இதை வாங்குவோரும் செய்வோரும் மீன்வளத் துறையினரும் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

இரண்டு பக்கமும் ஃபைபர் தோல், நடுவில் ஃபோம் என்று செய்யும் பலகையைத்தான் சாண்ட்விச் பலகை என்கிறோம். அதன் பலன் சிறிதல்ல. 6 மி.மீ. கனமுள்ள வெறும் ஃபைபர் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே ஃபைபரை 3 மி.மீ. வீதம் இரண்டு தோலாகப் பிரித்து, இடையில் 20 மி.மீ. ஃபோம் வைத்து ஒட்டினால், வளையாமல் நிற்கும் விறைப்பு கணக்குப்படி சுமார் 44 மடங்கு உயர்கிறது. தோலை முறிப்பதற்குத் தேவையான சுமை ஏறக்குறைய 10 மடங்காகிறது. 6 மி.மீ. ஃபைபர் சதுர மீட்டருக்கு 9 கிலோ எடை வரும். கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் 20 மி.மீ. கனத்தில் 1.6 கிலோதான். அந்த 1.6 கிலோவுக்கு இவ்வளவு விறைப்பு வேறெந்த வழியிலும் கிடைக்காது.

ஆனால் இந்த 44 மடங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. சுமை ஏறும்போது மேல்தோல் அமுங்கும், கீழ்த்தோல் இழுபடும். ஒன்றின்மேல் ஒன்று நழுவப் பார்க்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தை மடக்கினால் தாள்கள் ஒன்றையொன்று உரசி நழுவுவதால் அது எளிதாக வளைகிறது. தாள்களையெல்லாம் பசை தடவி ஒட்டிவிட்டால் அட்டைக்கட்டி போல நிற்கும். சாண்ட்விச் பலகையில் அந்தப் பசையின் வேலையைச் செய்வது நடுவிலுள்ள ஃபோம்தான். அந்த நழுவலைத் தடுக்கும் பலத்தை வெட்டுவிசைத் தாங்குதிறன் என்கிறோம். இந்தப் பலம் ஃபோமுக்கு ஃபோம் பெரிதும் மாறும்.

ஐஸ் பெட்டிக்கென ஊற்றும் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் பொதுவாகக் கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியை ஒட்டியே இருக்கும். அது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2 கிலோ வெட்டுவிசைதான் தாங்கும். 80 கிலோ அடர்த்தியுள்ள பி.வி.சி. ஃபோம் சுமார் 11 கிலோ தாங்கும். 150 கிலோ அடர்த்திப் பால்சா மரத்துண்டு 25 கிலோவையும் தாண்டும். பலம் தவிர விறைப்பிலும் வேறுபாடு உண்டு: அந்த பி.வி.சி. ஃபோம் 40 கிலோ பி.யூ. ஃபோமைவிடப் பத்து மடங்கு விறைப்பானது. பி.யூ. கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. குளிர் காப்பதில் அதற்கு இணை குறைவு. பெட்டிச் சுவருக்கு அதுவே சரி. அதே ஃபோமை ஆள் நடமாடும் மேல்தட்டிலும், வலை குவிக்கும் மூடிப் பலகையிலும் வைப்பதுதான் தவறு.

இதைப் பட்டறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேல்தட்டு அடிக்கும் அதே நாளில், அதே ரெசினில், அதே ஃபோமில் ஒரு மாதிரிப் பலகையும் அடித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் நன்றாக இறுகட்டும். பிறகு 7.5 செ.மீ. அகலம், 75 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு ஆங்கிள்களை இணையாக வைத்து அவற்றின்மேல் படுக்க வையுங்கள். நடுவில் 5 செ.மீ. அகல ரப்பர் துண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் 30 கிலோ ஏற்றுங்கள். ரப்பர் இல்லாமல் நேரடியாக ஏற்றினால் சுமை ஒரே கோட்டில் விழுந்து தோலைக் குழித்துவிடும், சோதனை பொய்யாகிவிடும். மேலே சொன்ன 3-20-3 பலகை, மூன்று மூன்று மேட் போட்டு அடித்தது என்றால், 80 கிலோ பி.வி.சி. ஃபோம் உள்ள துண்டு ஏறத்தாழ 4 மி.மீ. தொய்யும். 40 கிலோ பி.யூ. உள்ளது 12 மி.மீ. வரை தொய்யும். இரண்டிலும் மேட் ஒன்றுதான், கனம் ஒன்றுதான், வெளியே பார்த்தால் வேறுபாடே தெரியாது. சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் பி.யூ. துண்டு 70 கிலோவை ஒட்டி ஃபோமில் முறியும். நம் ஆள் ஒருவரின் எடை அது. பி.வி.சி. துண்டில் 300 கிலோவை நெருங்கும்போது ஃபைபர் தோல்தான் கிழியத் தொடங்கும்.

எவ்வளவில் உடைந்தது என்பதோடு எப்படி உடைந்தது என்பதையும் உற்றுப் பாருங்கள். ஃபோமுக்குள் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில் விரிசல் ஓடியிருந்தால் ஃபோம் பலம் போதவில்லை. மேல்தோல் சுருங்கி மடிந்திருந்தால் தோல் மெலிவு, அல்லது ஃபோம் மிக மென்மை. கீழ்த்தோல் இழுபட்டுக் கிழிந்திருந்தால் பலகை சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது. தோலின் முழு பலமும் பயன்பட்டுவிட்டது. தோல் அப்படியே உரிந்து, அதன் உள்பக்கம் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தால் ஒட்டு பிடிக்கவே இல்லை. ஒட்டு நன்றாக இருந்தால் உரிந்த தோலின்மேல் ஃபோமின் துணுக்குகள் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடர்த்தி பார்ப்பது இதைவிட எளிது. ஒரு பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரமாக ஃபோமை அறுத்தால் அது சரியாக ஒரு லிட்டர் கன அளவு. சமையலறைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம் வருகிறதோ, அத்தனை கிலோ கன மீட்டருக்கு. 40 கிராம் என்றால் 40 கிலோ. வாங்கும்போது 80 என்று சொல்லிக் கொடுத்த ஃபோம் 60 காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

சிலர் செலவு குறைக்கத் தெர்மோகோல் வைக்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. அது தெர்மோகோலைக் கரைத்துவிடும். அடித்த சில நிமிடங்களிலேயே உள்ளே குழி விழுந்து, தோலும் ஃபோமும் தொடாமல் வெற்றிடம் நிற்கும். பாலித்தீன் தாள் சுற்றி வைத்தால் கரையாது; ஆனால் ஒட்டவும் ஒட்டாது. வெட்டுவிசை கடக்க வழியே இல்லாத பலகை அது, இரண்டு தனித்தனி 3 மி.மீ. பலகைகளுக்குச் சமம். எபாக்சி ரெசின் தெர்மோகோலைக் கரைக்காது என்றாலும், தெர்மோகோலின் பலமே குறைவு என்பதால் மேல்தட்டுக்கு அதையும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஒட்டு என்பது இந்த வேலையின் உயிர். ஃபோமை அறுத்த முகத்தில் ஆயிரக்கணக்கான திறந்த அறைகள் இருக்கும். அதன்மேல் நேரடியாக மேட்டைப் போட்டு ரெசின் ஊற்றினால், மேட்டில் இருக்க வேண்டிய ரெசினை அந்த அறைகள் குடித்துவிடும். மேட் உலர்ந்து வெளுத்து நிற்கும். ஒட்டு அங்கங்கே மட்டும் பிடிக்கும். ஆகவே ஃபோமின் தூசியை முதலில் ஊதித் தள்ளி, இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் கலந்த ரெசினை முகம் முழுக்கத் தேய்த்து அறைகளை நிரப்பி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே ஈர மேட்டின்மேல் ஃபோமைப் பதிக்க வேண்டும். ஃபோமைத் தொட்டு வருவது மேட்டாகவே இருக்கட்டும். ரோவிங் என்ற கண்ணாடி இழைத் துணியின் பின்னல் மேடுபள்ளமாக இருப்பதால் நேரடியாகப் பதித்தால் இடையில் காற்று தங்கும். பதித்தபின் மணல் மூட்டைகளைச் சீராக அடுக்கி இறுகும் வரை பாரம் கொடுங்கள். வளைவுக்காகக் கட்டம் கட்டமாகக் கீறிய ஃபோம் என்றால் அந்தக் கீறல்களையும் புட்டியால் நிரப்பியாக வேண்டும். நிரப்பாத கீறல், தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் வாய்க்கால்.

ரெசின் அளவுகளையும் சொல்லிவிடுகிறோம். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு 900 கிராம் முதல் 1.1 கிலோ ரெசின் எடுக்கும். இறுகினால் சுமார் 1 மி.மீ. கனம். 600 கிராம் ரோவிங்குக்கு ஏறக்குறைய அதே எடை ரெசின் போதும். ரெசினை அதிகம் ஊற்றினால் பலம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பலம் கண்ணாடி இழையில் இருக்கிறது. மிகுந்த ரெசின் எடையையும் விரிசலையும்தான் கூட்டும். கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் பலகை ஒருநாளும் முழுதாக இறுகாது. மழைக்குளிரில் இறுக நேரமாகிறது என்று அளவில்லாமல் ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். அந்தச் சூட்டில் ஃபோமும் மெலிந்து சுருங்கும். ஒரே மூச்சில் மூன்று நான்கு மேட்டுக்கு மேல் போடாதீர்கள். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீயும் வெடிப்பும் நேரும். முதலில் ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். சிறு பட்டறைகளில்கூடக் கண்ணாடி அணியாமல் அதை அளந்து ஊற்ற விடக்கூடாது.

நம் மாவட்டத்தின் இடைஞ்சலே, பழுது பார்க்கும் பருவமும் மழைப்பருவமும் ஒன்றாக வருவதுதான். தென்மேற்குப் பருவக்காற்றில் ஓலைக்கூரைப் பட்டறைக்குள் திறந்து கிடக்கும் மேட் பண்டல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஈர மேட்டில் ரெசின் சரியாக ஊறாது, இறுகியபின் பால்வெண்மையாகத் தெரியும். பி.யூ. ஊற்றும்போதும் ஈரம் எதிரி. அதற்குக் கலக்கும் திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும்; அறைகள் கண்டபடி பெரிதாகி, அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். அடித்த தோல் மெழுகு கலந்த ரெசின் என்றால் அதன் முகத்தைத் தேய்க்காமல் பி.யூ. ஊற்றுவதும் வீண், மெழுகின்மேல் எதுவும் பிடிக்காது. மேட் பண்டலைப் பாலித்தீன் உறையில் கட்டி வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் அறுத்தெடுப்பது செலவில்லாத வழி.

அடுத்தது ஆணியும் போல்ட்டும். கயிறு கட்டும் முளைக்கோ கீலுக்கோ சாண்ட்விச் பலகையில் துளைபோட்டு நேராகப் போல்ட்டை முறுக்கினால் ஃபோம் நசுங்கும், வாஷர் தோலைக் குழிக்கும், நட் தளரும், அந்த வழியே உப்புத் தண்ணீர் இறங்கும். செய்ய வேண்டியது கால் மணி நேர வேலைதான். துளையைப் போட்டபின், வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டி உள்ளே விட்டுச் சுற்றினால், மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே துளையைச் சுற்றி 10 மி.மீ. ஃபோம் தூளாகிவிடும். தூளை உறிஞ்சி எடுத்து, கீழே டேப் ஒட்டி அடைத்து, எபாக்சியில் கண்ணாடி இழைத்தூள் கலந்து நிரப்புங்கள். இறுகியபின் அதன் நடுவில் மறுபடி துளை. இனி போல்ட்டின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கட்டி. ஃபோமுக்குத் தண்ணீர் போக வழியும் இல்லை. எஞ்சின் மாட்டும் பின்பலகையில் உள்ளே இருக்கும் பிளைவுட்டுக்கும் இதுவே முறை. 1980-களில் முட்டத்தில் கட்டப்பட்ட பிளைவுட் வள்ளங்களில் பலகையின் விளிம்புகளை ரெசினால் மூடுவது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இன்றைய ஃபைபர் வள்ளத்தின் துளைகளை மூடுவது.

உள்ளே தண்ணீர் போய்விட்டதா என்பதை ஐஸ் பெட்டியே சொல்லும். வழக்கமான ஐஸ் வழக்கமான நேரத்துக்கு முன்பே கரைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவரின் ஃபோமைத்தான். தண்ணீர் பி.யூ. ஃபோமைப்போல இருபது மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். பிறகு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். தோல் விட்ட இடமும் நனைந்த இடமும் ‘பொத் பொத்’ என்று மந்தமாகக் கேட்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால் பழுதின் வரைபடம் பலகையிலேயே கிடைத்துவிடும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் இறகுகளும் பால்சாவோ பி.வி.சி. ஃபோமோ நடுவில் வைத்த சாண்ட்விச் ஓடுகள்தான். அவற்றிலும் இதே தட்டிப் பார்க்கும் சோதனை உண்டு. இறகு பழுது பார்க்கத் தெரிந்த கைகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கும்போது, வள்ளப் பட்டறைகளுக்கு அந்தக் கைப்பழக்கம் வந்து சேராமல் இருப்பது வருத்தம் தருகிறது.

குறித்த இடத்தில் ஊசியால் ரெசின் ஏற்றி மூடுவது பழுது பார்ப்பதல்ல. ஈரமான ஃபோமில் ரெசின் ஒட்டாது. உப்பு உள்ளே இருக்கும் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத் தோலை வெட்டி எடுத்து, நனைந்த ஃபோம் முழுவதையும் நீக்கி, நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்க உலர்த்திவிட்டு, அதே அடர்த்தி ஃபோமைப் பதிக்க வேண்டும். தோலின் விளிம்பை 1-க்கு 12 என்ற சரிவில் தேய்த்தெடுங்கள், 3 மி.மீ. தோலுக்குச் சுற்றிலும் 36 மி.மீ. சரிவு. செங்குத்தாக வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே மறுபடி விடும். பழைய ஃபைபர்மேல் ஒட்டுவதற்குப் பாலியெஸ்டரைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும். ஆனால் எபாக்சிமேல் ஜெல்கோட் என்ற பாலியெஸ்டர் வெளிப்பூச்சு சரியாகப் பிடிக்காது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். அலையில் ஏறி இறங்கி மணலில் உரசிக் கரை சேரும் வள்ளத்தின் அடிப்பாகத்துக்கும் அணியத்துக்கும் சாண்ட்விச் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கல்லிலோ மணலிலோ மோதும்போது மெல்லிய வெளித்தோல் குழிந்து ஃபோம் நசுங்கும். வெளியே சிறு கீறல்தான் தெரியும், உள்ளே கையகலத்துக்குத் தோல் விட்டிருக்கும். அங்கே கனமான ஒற்றைத் தோலும் குறுக்குச் சட்டங்களுமே சரி.

தென்னை நாரும் வாழை நாரும் விளையும் ஊர் என்பதால், கண்ணாடி இழைக்குப் பதிலாக அவற்றை வைத்து மாணவர்கள் பலகை செய்வதைக் காண மகிழ்ச்சி. கதவு, தடுப்பு, கூரை உள்பலகை போன்றவற்றுக்கு அது நல்ல வழி. தென்னை நாரின் இழுவிசைப் பலம் 130 முதல் 220 மெகாபாஸ்கல்; கண்ணாடி இழை 2000-ஐத் தாண்டும். நார் தண்ணீரையும் குடிக்கும். கடலில் போகும் பொருளுக்கு இப்போதைக்கு அதைக் கொண்டுவர வேண்டாம்.

எங்கள் கோரிக்கை மூன்றுதான். மானியத்தில் தரப்படும் வள்ளங்களுக்கும் பெட்டிகளுக்கும் மீன்வளத் துறை தயாரிக்கும் விவரக்குறிப்பில், மேட் அடுக்கோடு நடுப்பொருளின் வகையும் அடர்த்தியும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மாதிரிப் பலகை ஒப்படைக்கப்பட வேண்டும். இரண்டாவது, நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன; மாவட்டம் முழுக்கத் தனியார் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் பொருள்வலிமைச் சோதனைக்கூடங்களை மாதத்தில் ஒரு நாள் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும். சாண்ட்விச் பலகையை வளைத்துச் சோதிக்க ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் சி393, தோலை நேராக இழுத்து ஒட்டைச் சோதிக்க சி297 என்ற முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. மாதிரித் துண்டை 565 டிகிரி செல்சியஸ் சூளையில் எரித்து, ரெசின் போனபின் மிஞ்சும் கண்ணாடி இழையை எடை பார்த்தால் உண்மையில் எத்தனை மேட் போடப்பட்டது என்பதும் வெளிவந்துவிடும். மாணவர்களுக்கும் அது புத்தகத்தில் இல்லாத பாடம்.

மூன்றாவது கோரிக்கை வள்ளக்காரர்களிடம். பட்டறையில் முன்பணம் கொடுக்கும்போது பில்லில் நான்கு விவரங்களை எழுதி வாங்குங்கள்: மேட், ரோவிங் அடுக்குகள் எத்தனை, ஃபோம் வகையும் அடர்த்தியும், ரெசின் வகை, போல்ட் துளைகள் எபாக்சிக் கட்டியால் நிரப்பப்படுமா, இல்லையா. மாதிரித் துண்டை வீட்டில் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் பழுது பார்க்க வேண்டி வந்தால், உள்ளே என்ன ஃபோம் இருக்கிறது என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

இப்படிக்கு,
ஃபைபர் தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் பட்டறைத் தொழிலாளர்களும்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.